சொந்தக் காரணம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு நீளமான கணக்கு நோட்டு என் மேஜைக்கு வந்தது. வேலையை விட்டு நின்றவர்களின் விவரம் அதில் இருக்கும். பெயர், டோக்கன் எண், லைன் (எந்தத் தையல் வரிசை), சேர்ந்த தேதி, நின்ற தேதி, காரணம் என்று ஆறு கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் பக்கம் பக்கமாக ஒரே பதில்: சொந்தக் காரணம். பல பக்கங்களில் முதல் வரியில் மட்டும் அதை எழுதி, கீழே வரிசையாக மேற்படிக் குறி போட்டிருந்தார்கள். நானும் மூன்று வருடம் அப்படித்தான் எழுதினேன்.

எங்கள் தொழிலில் ஆள் நிற்பது தினசரி நடப்பு. சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவர் திங்கட்கிழமை அடுத்த தெருக் கம்பெனியில் உட்கார்ந்திருப்பார். எந்த கேட்டில் பார்த்தாலும் ‘டெய்லர் தேவை, செக்கிங் தேவை, கைமடி தேவை’ என்று போர்டு தொங்கும். ஆனால் ஓவர்லாக் தையல் மிஷினில் ஒருவர் வராவிட்டால் அவருக்கு அடுத்த பிளாட்லாக் டெய்லர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இந்தப் பக்கம் பீஸ் குவியும், அந்தப் பக்கம் லைன் காலியாகக் கிடக்கும். புதிதாக வந்தவர் கை பழகும்வரை ஆல்டர் பீஸ், அதாவது திரும்பச் சரிசெய்ய வேண்டிய பீஸ், மலைபோல வரும். இந்த நஷ்டத்தை யாரும் எந்த நோட்டிலும் எழுதுவதில்லை.

ஒரு நாள் நாலாவது லைனில் ஐந்து வருடம் கைமடியாக, அதாவது டெய்லருக்குக் கையுதவியாக, இருந்த ஒரு அக்கா கணக்கு முடிக்க வந்தார். நான் நோட்டைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: “சொந்தக் காரணம்னு எழுதிக்கங்க தம்பி. எல்லாருக்கும் அதானே எழுதறீங்க.”

பேனாவை மூடி வைத்துவிட்டு, என்ன ஆச்சுங்கக்கா என்று கேட்டேன். அவர் நிற்கும் இடம் லைனின் கடைசி, அயர்ன் டேபிளை ஒட்டி. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் நீராவியும் கூரை வெக்கையும் சேர்ந்து தலை சுற்றும். இடம் மாற்றித் தரச் சொல்லி சூப்பர்வைசரிடம் மூன்று முறை கேட்டிருக்கிறார். மூன்று முறையும் ‘பார்க்கலாம்’ என்றுதான் பதில். “வெக்கைகூடப் பரவால்லீங்க தம்பி. சொன்னா காதுல வாங்க ஒரு ஆள் இல்லையே, அதான்” என்றார்.

அவர் போன பிறகு லைனுக்குப் போனேன். ஒவ்வொரு லைனின் தலைமாட்டிலும் ஒரு கரும்பலகை இருக்கும். மணிக்கு எத்தனை பீஸ் வந்தது என்று சாக்பீஸில் எழுதுவார்கள், சாயங்காலம் துடைத்துவிடுவார்கள். துடைப்பதற்கு முன்னால் அதை ஒரு தாளில் நகல் எடுக்க ஆரம்பித்தேன். மூன்று வாரம் எடுத்தேன். காலையில் டார்கெட்டை ஒட்டி வரும் எண்ணிக்கை, ரெண்டிலிருந்து நாலு மணிக்குள் தினமும் சரிகிறது. வெயில் கடுமையான நாட்களில் இன்னும் கூடுதலாகச் சரிகிறது. அந்தப் பலகை இதைத் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. தினமும் ஈரத்துணியால் துடைத்தது நாங்கள்தான்.

மேலாண்மை ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். கல்லூரியில் ஹாதோர்ன் ஆய்வைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவன் நான். சிகாகோவுக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்தது, உற்பத்தி மாறுகிறதா என்று வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள் என்பதோடு என் ஞாபகம் நின்றுவிட்டது. இப்போது நான் தேடியது நம் ஊர்த் தையல் லைனை யாராவது அளந்திருக்கிறார்களா என்பதைத்தான். ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பெங்களூரில் இருந்தது.

அச்யுத அத்வர்யு, நம்ரதா கலா, ஆனந்த் நிஷதம் ஆகிய மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அங்குள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பல வருடம் வேலை செய்திருக்கிறார்கள். அதில் ஒரு ஆய்வு விளக்குகளைப் பற்றியது. பழைய விளக்குகளை எடுத்துவிட்டு, கரண்டை மிச்சப்படுத்தும் எல்.இ.டி. மாட்டினார்கள். எல்.இ.டி. அவ்வளவு சூட்டையும் கக்காது. அதனால் வெயில் நாட்களில் டெய்லர்களின் உற்பத்தி முன்போல் விழவில்லை. கரண்ட் மிச்சத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் போட்ட காசு திரும்ப மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். உற்பத்தியையும் சேர்த்தால் எட்டு மாதம்கூட ஆகாது. இதைப் படித்தபோது எனக்கு அந்த அக்காவின் முகம்தான் வந்தது. மூன்று தடவை அவர் இலவசமாகச் சொன்ன விஷயம் இது.

அத்வர்யுவும் நிஷதமும் தெரசா மோலினாவோடு சேர்ந்து செய்த இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. 2016-ல் சம்பள உயர்வு வந்தது, எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அந்தச் சமயத்தில் குலுக்கல் முறையில் சில தொழிலாளர்களை மட்டும் தேர்ந்தெடுத்து வேலையைப் பற்றியும், சூப்பர்வைசரைப் பற்றியும், மனத்திருப்தியைப் பற்றியும் பெயர் வெளியே தெரியாமல் கருத்துக் கேட்டார்கள். சம்பளத்தில் ஒரு ரூபாய் கூட்டவில்லை. கேட்டார்கள், அவ்வளவுதான். அப்படிக் கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டு நிற்பது சுமார் 20 சதவீதம் குறைந்தது. ‘காதுல வாங்க ஒரு ஆள்’ என்று அக்கா சொன்னதற்கு இவர்கள் ஒரு எண் கொடுத்திருந்தார்கள்.

மூன்றாவது ஆய்வைப் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பெண் தொழிலாளர்களுக்குப் பேச்சுத் திறன், நேரத்தைத் திட்டமிடுவது, பிரச்சினையைத் தீர்ப்பது போன்றவற்றைக் கற்றுத்தரும் ஒரு பயிற்சி. அமெரிக்க ஆடை நிறுவனமான கேப் 2007-ல் தொடங்கியது. பெங்களூரில் ஐந்து தொழிற்சாலைகளில் அதை அளந்து பார்த்ததில், பயிற்சி முடிந்து எட்டு மாதத்துக்குள் கம்பெனி போட்ட பணத்துக்கு நிகர லாபம் 250 சதவீதத்துக்கு மேல். உற்பத்தி கூடியதுதான் அதற்குக் காரணம். அந்தப் பெண்களின் சம்பளம் எவ்வளவு கூடியது? அரை சதவீதம் போல.

முதலாளிகள் கூட்டத்தில் நான் இந்த ஆய்வைப் பற்றிப் பேசியிருக்கிறேன். 250 என்ற எண்ணைச் சொன்னதும் எல்லோரும் குறித்துக்கொள்வார்கள். அந்த அரை சதவீதத்தையும் நான் விடாமல் சொல்வேன். சொல்லும்போது அரங்கம் கொஞ்சம் அமைதியாகும். தொழிலாளியை நன்றாக நடத்தினால் லாபம் வரும் என்று நிரூபிக்கும் ஆய்வுகள் எனக்குப் பெரிய உதவி, அதில் சந்தேகமே இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்க எனக்குக் கையெழுத்து வாங்கித் தந்ததே அவைதான். ஆனால் லாபம் வந்தால் அதில் அவர்களுக்கு என்ன பங்கு என்பதையும், லாபமே வராவிட்டாலும் எதைச் செய்தாக வேண்டும் என்பதையும் அந்தக் கணக்கு சொல்லாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

குழந்தைகள் காப்பக விஷயம் அப்படிப்பட்டது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்று அப்போது நடப்பில் இருந்த 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது. எங்களிடமும் ஓர் அறை இருந்தது. வருடம் முழுக்க அதில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். பையரின், அதாவது எங்களிடம் சரக்கு வாங்கும் நிறுவனத்தின், ஆடிட் வரும் நாளைக்கு முந்தின இரவு பெட்டிகளை வெளியேற்றி, சுவரில் கரடி பொம்மைப் படம் ஒட்டி, தொட்டில் கட்டுவோம். ஒரு தடவை தொட்டிலில் விரித்த புதுத் துணியில் கடையின் விலைச்சீட்டுகூட எடுக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. சாவி என்னிடம்தான் இருந்தது. அந்த வருடம்தான் ஒரு அரசுப் பள்ளிக்கு வகுப்பறை கட்டிக் கொடுத்தோம். ரிப்பன் வெட்டும் படம் ஆண்டறிக்கையில் வண்ணத்தில் வந்தது.

வகுப்பறை கட்டியது நல்ல காரியம், அந்தப் பிள்ளைகளுக்கு அது தேவைதான். 2013-ம் வருடக் கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டினாலே அந்தக் கம்பெனி மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சொந்தத் தொழிலாளிகளுக்கு மட்டும் பயன்படுகிற செலவை அந்தக் கணக்கில் காட்ட முடியாது. அது நியாயமான விதி. காப்பகமும் கழிப்பறையும் கம்பெனியின் கடமை, அதைத் தருமக் கணக்கில் எழுதக் கூடாது என்பதுதான் அதன் பொருள். ஆனால் நடைமுறையில் எங்கள் தலைக்குள் அது வேறு மாதிரி பதிந்துவிட்டது. சமூகம் என்றால் கேட்டுக்கு வெளியே இருப்பது என்று ஆகிவிட்டது. காலை எட்டரைக்குக் கேட்டுக்குள் நுழைந்து, ஒன்றரை ஷிப்ட் பார்த்து, இரவு எட்டரைக்கு வெளியே வருகிற அறுநூறு பேர் யார் என்று எந்த அறிக்கையும் கேட்கவில்லை.

சரி, அதற்கப்புறம் நாங்கள் என்ன செய்தோம்? அயர்ன் டேபிளைச் சுவர் ஓரமாக மாற்றி, மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டோம். காப்பக அறையிலிருந்து அட்டைப்பெட்டிகள் நிரந்தரமாக வெளியேறின. ஒரு ஆயாம்மாவை வேலைக்கு வைத்தோம். முதல் மாதம் வந்தது மூன்றே குழந்தைகள். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு லைனோடு சூப்பர்வைசர் இல்லாமல் அரை மணி நேரம் உட்கார ஆரம்பித்தேன். முதல் இரண்டு மாதம் யாரும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது மாதம் ஒரு பெண், பாத்ரூம் போக டோக்கன் வாங்கிக்கொண்டு போவது கூச்சமாக இருக்கிறது என்றாள். அடுத்த நாளே டோக்கனை எடுத்துவிட்டோம். அப்புறம் பேச்சு நிற்கவில்லை.

இது நிலைக்குமா என்ற பயம் எனக்கு உண்டு. மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உமர்காம் பக்கத்துத் துணி ஆலைகளில் பொருளாதார ஆய்வாளர் நிக்கலஸ் புளூமும் அவரோடு சேர்ந்தவர்களும் நடத்திய ஆய்வு இத்துறையில் பெயர்பெற்றது. நிர்வாகப் பழக்கங்களைச் சீர்படுத்தியதில் முதல் வருடமே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. எட்டு ஒன்பது வருடம் கழித்து அதே ஆலைகளுக்குத் திரும்பப் போனபோது, கொண்டுவந்த பழக்கங்களில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. மேனேஜர் மாறிப்போனது அதற்கு ஒரு காரணம். அதனால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை லைன்காரர்களே நடத்தும்படி மாற்றினேன். நோட்டிலும் ‘காரணம்’ என்ற கட்டத்தை இரண்டு பங்கு அகலமாக அச்சடிக்கச் சொன்னேன்.

போன வருடம் பழைய பஸ் ஸ்டாண்டில் அந்த அக்காவைப் பார்த்தேன். வேறொரு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாராம். நலம் விசாரித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “அந்த அயர்ன் டேபிள்கிட்ட இப்ப யாரு தம்பி நிக்கறாங்க?”

யாரும் நிக்கறதில்லீங்கக்கா, டேபிளையே மாத்திட்டோம், ஃபேனும் போட்டாச்சு என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கையிலிருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “அதுக்கு ஒருத்தி வேலைய விட்டுப் போகணுமா தம்பி?” என்றார்.