எடை குறைந்தது சரி, குறைந்தது எது?

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போன அன்று ஆசிரியர் அறையே என்னைச் சுற்றி நின்றது. 61 கிலோ இருந்தவள் ஏழு மாதத்தில் 54க்கு வந்திருந்தேன். "சதையெல்லாம் கரைஞ்சுடுச்சே டீச்சர், என்ன பண்ணீங்க?" என்று கேட்காதவர்கள் குறைவு. அப்போது எனக்கு 48 வயது. அந்த வயதில் இப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்தால் யாருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

நான் செய்தது பெரிய வித்தையில்லை. விடியற்காலையில் எங்கள் கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஒரு மணி நேர நடை. காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறும் ரசமும், ராத்திரிக்கு ஒரு கொய்யாவும் ஒரு டம்ளர் மோரும். பசித்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

ஆனால் உடம்பு வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. முதலில் தெரிந்தது ரவிக்கையில். கைப்பகுதி தொளதொளவென்று ஆகிவிட்டது, பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். அதே ரவிக்கையின் அடிக்கொக்கி மட்டும் பழையபடி இறுக்கம்தான். அப்புறம் கரும்பலகை. முன்பெல்லாம் இரண்டு பாடவேளை தொடர்ந்து எழுதுவேன். இப்போது பாதிப் பலகை நிறைவதற்குள் தோள் கடுத்தது. ஒரு நாள் 20 லிட்டர் தண்ணீர்க் கேனை ஸ்டூல் மேல் தூக்கி வைக்கப் போய், முழங்கால் உயரத்துக்கு மேல் வராமல் அப்படியே இறக்கி வைத்தேன். போன வருடம் வரை அந்தக் கேனை நான்தான் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். உணவு குறைந்ததால் வந்த சோர்வு என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச்சில் ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சர்க்கரை அளவு, அதாவது எச்பிஏ1சி, 6.2லிருந்து 6.1க்கு வந்திருந்தது. 5.7லிருந்து 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. ஏழு கிலோ குறைத்ததற்குக் கிடைத்தது வெறும் 0.1. எங்கள் குடும்ப டாக்டர் அறிக்கையைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து, புஜத்தை அழுத்திப் பார்த்தார். "எடை இறங்கியிருக்கும்மா, ஒத்துக்கறேன். எது இறங்கியிருக்குன்னு பார்க்கணும்" என்றார்.

அந்தக் கேள்வி என் மனதில் அதுவரை எழவே இல்லை. யோசித்துப் பார்த்தால் நம் பேச்சிலேயே அந்தக் குழப்பம் இருக்கிறது. குண்டானால் 'சதை போட்டிருக்கு' என்கிறோம், மெலிந்தால் 'சதை கரைஞ்சுபோச்சு' என்கிறோம். கொழுப்புக்கும் சதைதான், தசைக்கும் சதைதான்.

டாக்டர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். பட்டினி கிடந்து, வெறும் நடையை மட்டும் நம்பி எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்தே போகும். மாதவிடாய் நிற்கும் வயதில் தசை தானாகவே குறையும், கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரும். பட்டினி, வெறும் நடை, வயது என்று மூன்றும் எனக்கு ஒரே வருடத்தில் சேர்ந்துகொண்டன. சர்க்கரையை வாங்கி வைக்கும் பாத்திரத்தையே சிறிதாக்கிவிட்டு, சர்க்கரை இறங்கவில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்கில் நான் அப்போது 22.2. நம் நாட்டவர்களுக்கு 18.5க்கு மேல், 23க்குக் கீழ் இருந்தால் சரியான எடை என்று கணக்கு. ஆனால் அந்தக் கணக்கில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதே கிடையாது, எடையும் உயரமும்தான். 2004ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று வந்தது. ஒருவர் புனேயின் யாஜ்னிக், மற்றவர் இங்கிலாந்தின் யட்கின். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அதைப் படித்தபோது என் 22.2ஐப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஒல்லியாகத் தெரியும் நம் ஆட்களுக்கு ஏன் இவ்வளவு சர்க்கரை நோய் என்பதற்கு அந்த ஒரு படம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

சரி, அளந்து பார்ப்போம் என்று முதலில் ஊருக்குள் இருக்கும் ஒரு ஜிம்முக்குப் போனேன். பள்ளி முடிந்து, டீ குடித்துவிட்டு, சாயங்காலம் ஐந்தரைக்கு. உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று சொல்லும் கருவி ஒன்று அங்கே இருந்தது. கால் வைக்கும் இடத்தில் எஃகுத் தகடுகள், கையில் பிடிக்க இரண்டு கைப்பிடிகள். ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும், உடம்பில் எதுவும் தெரியாது. தாள் வந்தது, கொழுப்பு 32.6 சதவீதம். "பரவால்ல மேடம், கொஞ்சம்தான் ஜாஸ்தி" என்றார் அங்கிருந்த பையன். புரோட்டீன் பவுடர் ஒன்றையும் எடுத்துக் காட்டினார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் சொன்ன பிசியோதெரபிஸ்டிடம் போனேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறை. என் மகளைவிட நான்கைந்து வயது மூத்த பெண். அவரிடமும் அதே மாதிரிக் கருவி. வந்த அளவு 38. அதாவது 54 கிலோவில் இருபதரைக் கிலோ கொழுப்பு. பெண்களுக்கு 18 முதல் 28 வரை என்று அந்தத் தாளிலேயே அச்சாகியிருந்தது. இரண்டு வாரத்தில் ஐந்து சதவீதம் எப்படிக் கூடும்? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழைய தாளின் மேல் மூலையில் விரலை வைத்து, "உங்க உயரம் என்ன டீச்சர்?" என்றார். 156 என்றேன். தாளில் 165 என்று இருந்தது. அடித்தவர் எண்ணை மாற்றி அடித்திருக்கிறார்.

அப்புறம்தான் கருவி வேலை செய்யும் விதம் எனக்குப் புரிந்தது. அது கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. மிக மெல்லிய மின்சாரத்தை உடம்புக்குள் அனுப்பி, எவ்வளவு தடை வருகிறது என்று பார்க்கிறது. தசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர், அதனால் மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, தடை அதிகம். அந்தத் தடையோடு உயரம், வயது, பாலினம் எல்லாம் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு, இவ்வளவு கொழுப்பு என்று மதிப்பிடுகிறது. உயரத்தை 9 சென்டிமீட்டர் கூட்டிக் கொடுத்தால், இருக்கிற தசையைவிட அதிகமாகக் காட்டத்தான் செய்யும். போதாததற்கு நான் டீ குடித்துவிட்டு, நாளெல்லாம் நின்றுவிட்டுப் போயிருந்தேன். உடம்பில் நீர் மாறினால் அளவும் மாறும். இந்த அளவை எடுத்துக்கொள்பவர்கள் தயவுசெய்து தாளின் மேலே இருக்கும் உயரத்தையும் வயதையும் முதலில் சரிபாருங்கள். கர்ப்பிணிகளும் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் இந்தக் கருவியில் நிற்கக் கூடாது.

அதிலிருந்து ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அதே கருவி, காலை ஏழு மணி, வெறும் வயிறு, கழிப்பறை போய்விட்டு, முந்தின நாள் உடற்பயிற்சி இல்லாமல். கொலுசையும் மெட்டியையும் கழற்றச் சொன்னார். தாலிச் சங்கிலியைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. "பரவாயில்ல டீச்சர், ஒவ்வொரு தடவையும் அதே சங்கிலியோட நில்லுங்க" என்றார். இந்தக் கருவி சொல்லும் எண் அச்சு அசல் உண்மை இல்லை, எக்ஸ்ரே கொண்டு எலும்பு, தசை, கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் இதைவிட நம்பகமானது. ஆனால் ஒரே கருவியில், ஒரே நிலையில் எடுத்தால் எந்தப் பக்கம் போகிறோம் என்பது தெரியும், அது போதும் என்றார்.

அவர் கருவியைவிட அதிகமாக நம்பியது மூன்று எளிய அளவுகளை. முதலாவது இடுப்புச் சுற்றளவு. தையல் டேப்பை நான் பாவாடை நாடா கட்டும் இடத்தில் வைத்து 81 என்று காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பையும் இடுப்பு எலும்பின் மேல் முனையையும் விரலால் தொட்டுக் காட்டி, இரண்டுக்கும் நடுவில் டேப்பை வைத்தார். மூச்சை இயல்பாக வெளியே விடச் சொல்லி அளந்தால் 88. நமக்குப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 எல்லை. இத்தனை வருடமாக நாடாத் தழும்பில் அளந்து ஏழு சென்டிமீட்டரை மறைத்து வைத்திருந்தேன்.

இரண்டாவது கைப்பிடி வலு. ஒரு கருவியை இறுக்கிப் பிடித்தால் கிலோவில் காட்டும். ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019ல் சொன்ன எல்லை பெண்களுக்கு 18 கிலோ, ஆண்களுக்கு 28. அதற்குக் கீழே போனால் தசை வலு குறைவு. எனக்கு 15. மூன்றாவது நாற்காலி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை உட்கார்ந்து எழ வேண்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். எனக்கு 14 ஆனது. சில்வர் பீச் மணலில் தினமும் நடக்கிற கால்கள் என்று எனக்குப் பெருமை இருந்தது. நாலாவது எழலிலேயே தொடை நடுங்கியது.

பயிற்சி வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி இழுப்பது. பிறகு இரண்டு கிலோ டம்பெல், மூன்று மாதத்தில் ஐந்து கிலோ. நடையை விடவில்லை, ஒரு மணி நேரத்தை அரை மணியாக்கினேன். சுலபமாகத் தூக்க முடிகிற எடையைப் பல தடவை தூக்கிக்கொண்டிருந்தால் தசை வளராது, கடைசி இரண்டு தடவை சிரமப்பட வேண்டும் என்பதை அவர் என்னிடம் பல முறை சொல்ல வேண்டியிருந்தது. எனக்குப் பயம். எலும்பு முறிந்துவிடுமோ என்று.

கஷ்டம் சாப்பாட்டில்தான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கணக்கெடுத்தபோது ஒரு நாளுக்கு 30 கிராம் புரதம்கூடத் தேறவில்லை. நம் நாட்டுப் பரிந்துரையே ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம், எனக்கு 45 வர வேண்டும். தசையை மீட்க 60க்கு மேல் வேண்டும் என்றார்கள். கூட்டுவதற்கு முன் டாக்டர் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவைப் பார்த்து, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டார். நீங்களும் அதைச் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

பவுடர் வாங்கவில்லை. காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். மதியம் சாம்பாரில் தெளிவை ஊற்றிக்கொள்ளாமல் அடிப் பருப்பை அள்ளிப் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் பிஸ்கட்டை நிறுத்திவிட்டு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். ராத்திரி கொய்யாவுக்குப் பதில் இரண்டு தோசையும் மீன் குழம்பும். கடலூரில் இருந்துகொண்டு இதற்குக் கவலைப்பட வேண்டுமா? முதுநகரிலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் அம்மாவிடம் வஞ்சிரம் கேட்பதை நிறுத்தி, மத்தியும் நெத்திலியும் வாங்கினேன். விலை குறைவு, 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்குப் புரதம். புரட்டாசியில் மட்டும் மீல் மேக்கரும் பனீரும்.

ஜூலையில் அளந்தபோது எடை 55.1. ஒரு கிலோ கூடிவிட்டது. பள்ளியில் ஒருவர், "திரும்ப வெயிட் போடுறீங்களா டீச்சர்?" என்றே கேட்டுவிட்டார். அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது கை தயங்கியது, மறைக்கவில்லை. ஆனால் தாளில் கொழுப்பு 36.8. கணக்குப் போட்டால் கொழுப்பு 20.3 கிலோ, மற்றதெல்லாம் 34.8 கிலோ. முன்பு இது 33.5. அந்த 1.3 கிலோவும் தசை என்று நினைத்துத் துள்ளினேன். பிசியோ தடுத்தார். பட்டினியை நிறுத்தி நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தால் தசைக்குள் மாவுச்சத்து திரும்பச் சேரும், ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைக் கூட்டி வரும், அதுவும் இதில் அடக்கம் என்றார். முதன்முதலில் பட்டினி இருந்த வாரத்தில் இரண்டு கிலோ மளமளவென்று இறங்கியதும் பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் முக்கால் கிலோ ஏறி நிற்பதற்கும் இப்போது எனக்குக் காரணம் தெரியும், உப்பு பிடித்து வைக்கும் தண்ணீர்.

அடுத்த ஜனவரியில் எடை 54.6. ஆரம்பித்த இடத்திலிருந்து அரைக் கிலோ கூடுதல். கொழுப்பு 34.5 சதவீதம், அதாவது ஏறக்குறைய 19 கிலோ. இடுப்பு 88லிருந்து 82. கைப்பிடி 20 கிலோ. நாற்காலி 10 நொடி. எச்பிஏ1சி 5.8. இடுப்பு இன்னும் 80க்கு வரவில்லை, கொழுப்பும் தாளில் போட்ட எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. ஏழு மாதத்தில் ஏழு கிலோ குறைத்தபோது கிடைத்த பாராட்டில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. வெளியே பார்த்தால் நான் அப்படியேதானே இருக்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் நாற்காலிப் பயிற்சி செய்வது நான் மட்டும் இல்லை. என் மாமியாருக்கு 74 வயது. நான் எழுந்து உட்காருவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள், "எனக்கும் நேரம் பாரு" என்றார். சுவரோரம் நாற்காலியைப் போட்டு, பக்கத்தில் நின்றுகொண்டு பார்த்தேன். 21 நொடி ஆனது, மூன்றாவதில் கையை ஊன்றப் பார்த்தார். டாக்டரிடம் கேட்டுவிட்டு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஐந்து ஐந்தாகத் தொடங்கினோம். ராத்திரி ஒரு முட்டை சாப்பிட ஒத்துக்கொள்ள வைப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. நேற்று 16 நொடி. "கையை ஊனலியே, பாத்தியா?" என்றார். "பார்த்தேன் அத்தை" என்றேன், செல்போனில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தை நிறுத்திவிட்டு.