மே மாதமும் அடகுச் சீட்டும்

தொடர்ந்து நான்கு ஆண்டுகள், மே மாதம் பிறந்தால் என் கழுத்துச் சங்கிலி வங்கிக்குப் போய்விடும். நகை மதிப்பீட்டாளர் அதை உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, தராசில் வைத்து எடை குறித்துக்கொள்வதைக் கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பணம் மகளின் பள்ளிக் கட்டணத்துக்குப் போகும். சங்கிலியைத் தீபாவளி போனஸில் மீட்போம். போனஸ் அதிலேயே கரைந்துவிடுவதால் புத்தாடைகளைக் கிரெடிட் கார்டில் வாங்குவோம்.

இத்தனைக்கும் நாங்கள் வரவு செலவு எழுதாதவர்கள் அல்லர். பால், மளிகை, வாடகை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம் என அனைத்தும் நோட்டில் இருந்தன. மாதக் கணக்கில் பெரிய குறையும் இல்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் வரும் செலவுகளுக்குத்தான் அந்த நோட்டில் இடமே இல்லை. ஜூனில் பள்ளி திறக்கும் என்பது ஜனவரியிலேயே தெரிந்த செய்தி. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் அதை எதிர்பாராத செலவு என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

சென்ற ஆண்டு ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய ரசீதுகளையெல்லாம் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு கணவரும் நானும் கணக்குப் பார்த்தோம். பள்ளிக் கட்டணம் 48,000, காப்பீட்டு பிரீமியம் 18,000, ஊரில் உள்ள வீட்டுக்கு இரு தவணைச் சொத்துவரி 4,800, தீபாவளி 20,000, வண்டியின் காப்பீடும் பராமரிப்பும் 5,200, கோயில் கொடை விழாவுக்கு ஊருக்குச் சென்று வர 12,000. மொத்தம் 1,08,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 9,000. அந்த எண்ணைப் பார்த்ததும், எங்கள் வருமானம் நாங்கள் நினைத்திருந்ததைவிட 9,000 ரூபாய் குறைவு என்பது புரிந்தது.

பள்ளிக் கட்டணத்துக்கென மே 5 அன்று வங்கியில் மாதம் 4,000 ரூபாய்க்கு ஓராண்டு ஆர்.டி. (மாதந்தோறும் ஒரே தொகையைக் கட்டிவரும் தொடர் வைப்பு) தொடங்கினோம். அஞ்சலக ஆர்.டி. நம்பகமானதே, ஆனால் அதன் காலம் ஐந்து ஆண்டுகள் என்பதால், அடுத்த மே மாதத் தேவைக்கு அது பொருந்தாது. மீதி 5,000 ரூபாய், ஏடிஎம் கார்டே வாங்காத ஒரு தனிச் சேமிப்புக் கணக்குக்குச் சம்பளம் வந்த மறுநாளே போய்விடும். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று பல ஆண்டுகள் முயன்றிருக்கிறோம். எங்கள் வீட்டில் எதுவும் மிஞ்சியதில்லை.

முதல் ஆண்டு கடினமாகவே இருந்தது. அந்த மே மாதமும் சங்கிலி அடகுக்குப் போகத்தான் செய்தது. போனஸில் அதை மீட்டபின், தனிக் கணக்கில் சேர்ந்திருந்த சொற்பத் தொகைக்குள் தீபாவளியை முடிக்க வேண்டியிருந்தது. பெரியவர்கள் இருவரும் புதுத்துணி எடுக்கவில்லை. பலகாரங்களை அத்தையும் நானும் வீட்டிலேயே செய்தோம். கார்டை மட்டும் தொடவில்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் பல கார்டுகளில் நிலுவைக்கு மாதம் 3 விழுக்காட்டுக்கு மேல் வட்டி ஏறும் என்பதை முந்தைய ஆண்டுகளில் அனுபவித்து அறிந்திருந்தோம்.

இந்த மே மாதம் ஆர்.டி. முதிர்ந்தது. பள்ளியில் கட்டணத்தை 51,600 ஆக உயர்த்தியிருந்தார்கள். வட்டி போக விழுந்த துண்டைத் தனிக் கணக்கிலிருந்து ஈடுகட்டினோம். அன்று மாலையே அடுத்த ஆண்டுக்கான ஆர்.டி.யை மாதம் 4,300 ரூபாய்க்குத் தொடங்கினோம்.