பழைய டீசல் சொகுசுக் காருடன் பதினான்கு மாதங்கள்: பழுதும் செலவும்

ஓடோமீட்டர் 1,42,300 கி.மீ. காட்டிக்கொண்டிருந்தபோது இந்தக் கார் என் கைக்கு வந்தது. பத்து ஆண்டு பழையது. வி வடிவத்தில் ஆறு சிலிண்டர் கொண்ட மூன்று லிட்டர் டீசல் எஞ்சின், எட்டு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், நான்கு சக்கரத்துக்கும் ஏர் சஸ்பென்ஷன், அதாவது காரைத் தாங்குவது காற்று நிரப்பிய ரப்பர் பைகள். புதிதாக விற்ற விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. விலை இறங்கியது காருக்கு மட்டும்தான், உதிரிபாகங்கள் இன்னும் புதுக் காரின் விலையிலேயே இருக்கின்றன என்பது வாங்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்திருப்பது வேறு, பில்லைக் கையில் வாங்கிப் பார்ப்பது வேறு. முடிந்த வேலையை விடுமுறை நாள்களில் நானே செய்வது, முடியாததை மட்டும் ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பது என்று முடிவு செய்து ஒரு நோட்டுப் போட்டேன். கீழே உள்ளவை அதிலிருந்து எடுத்தவை.

1,43,100 கி.மீ.

வாங்கிய மூன்றாவது வாரத்தில் டிபிஎஃப் விளக்கு எரிந்தது. டீசல் புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்துவைத்து, அவ்வப்போது தானே எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ளும் வடிகட்டி அது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகினார்கள். வடிகட்டி அடைத்திருப்பதாகப் பிழைக்குறி வந்தது. வடிகட்டியையே மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தொகை, நான் காருக்குக் கொடுத்த விலையில் கால் பங்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன்.

வடிகட்டி அடைத்திருந்தது உண்மைதான். ஏன் அடைத்தது என்பதை மட்டும் ஸ்கேனரும் சொல்லவில்லை, எஸ்டிமேட் எழுதியவரும் கேட்கவில்லை. சொந்தமாக ஒரு ஸ்கேனர் வாங்கி, ஓடும்போதே எஞ்சினின் அளவீடுகளைப் பார்த்தபடி அருகில் ஒருவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் ஓட்டினேன். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் வெப்பம் 78 டிகிரியைத் தாண்டவே இல்லை. நீண்ட இறக்கத்தில் 71 வரை இறங்கியது. 88, 90 டிகிரியில் நிலையாக நிற்க வேண்டிய எஞ்சின் இது. டாஷ்போர்டில் வெப்பமானியின் முள் நடுக்கோட்டுக்குச் சற்று இடப்பக்கம் நின்றதை முதல் நாளிலிருந்தே பார்த்திருக்கிறேன்; எஞ்சின் குளுமையாக ஓடுகிறது என்று அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

காரணம் தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்க வேண்டிய வால்வு. அது திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டதால், எஞ்சின் சூடேறுவதற்கு முன்பே கூலண்ட் ரேடியேட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. போதிய சூடு இல்லையென்றால் கரியை எரிக்கும் சுழற்சியைக் கணினி தொடங்காது, தொடங்கினாலும் பாதியில் நிறுத்திவிடும். வெளிவரும் புகையின் வெப்பத்தை 600 டிகிரி அளவுக்கு உயர்த்துவதற்காக அந்தச் சுழற்சியில் டீசல் சற்றுத் தாமதமாகப் பீய்ச்சப்படுகிறது. அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடுகிறது. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தபோது ஆயில் மேல்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. விரலில் தொட்டு முகர்ந்ததில் டீசல் வாடை. ஆயில் குறைந்தால் பதறுகிறோம், கூடினால் மகிழ்ந்து மூடிவிடுகிறோம். இரண்டாவதுதான் பேரிங்குகளுக்கு மெல்லக் கொல்லும் நஞ்சு.

தெர்மோஸ்டாட்டை நானே மாற்றினேன். ஒரு முழு நாளும் முட்டி தேய்ந்ததும் தவிர, அதன் செலவு வடிகட்டிக்குச் சொன்ன தொகையில் முப்பதில் ஒரு பங்குதான். குறைந்த சாம்பல் விடும் வகை ஆயிலை ஊற்றி, ஃபில்டரையும் மாற்றிவிட்டு, சீரான வேகத்தில் நாற்பது நிமிடம் ஓட்டினேன். கரியின் கணக்கு 38 கிராமிலிருந்து 11 கிராமுக்கு இறங்கியது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு, ஐட்லிங்கில் 29 மில்லிபாரிலிருந்து 7 ஆனது. அந்த எண்கள் இறங்குவதை அருகிலிருந்தவர் கிரிக்கெட் ஸ்கோர் போல வாசித்துக்கொண்டே வந்தார். கரி எரிந்தாலும் சாம்பல் உள்ளேயே தங்கும் என்பதால் வடிகட்டிக்கு ஒருநாள் முடிவு உண்டு. ஆனால் அந்த நாள் இன்னும் வரவில்லை.

1,46,800 கி.மீ.

அதே ஸ்கேனர் வேறொன்றையும் காட்டியிருந்தது: ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் ஆறு குளோ பிளக்குகளில் இரண்டு செத்திருந்தன. குளிர் இல்லாத நாள்களில் அவை இல்லாமலே எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடுவதால் இது வெளியே தெரிவதில்லை. பிளக் மலிவு, அது கழற்றும்போது ஒடிந்து சிலிண்டர் ஹெட்டில் தங்கிவிட்டால் வரும் செலவுதான் பயமுறுத்துவது. மூன்று நாள் மாலையில் ஒவ்வொரு பிளக்கின் அடியிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டேன். பிறகு எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, திருப்பும் பலத்தை அளந்து கொடுக்கும் டார்க் ரெஞ்சை 25 நியூட்டன் மீட்டரில் நிறுத்தி, அதற்கு மேல் ஒரு துளி பலமும் கொடுப்பதில்லை என்ற உறுதியோடு தொடங்கினேன். முதலாவது கிறீச்சிட்டபடி கால் சுற்று வந்தது. திரும்ப முடுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி திருப்பி, அரை மணி நேரத்தில் வெளியே வந்தது. பின்சுவர் ஓரம் இருந்த இரண்டாவது அசையவில்லை. அப்படியே விட்டுவிட்டு ஒரு வாரம் காரை ஓட்டினேன்; தினமும் எண்ணெய் மட்டும் விட்டேன். அடுத்த ஞாயிறன்று "டக்" என்ற சிறு ஓசையோடு அது இளகியபோது, ஒடிந்தே போய்விட்டது என்று நினைத்து ஒரு நிமிடம் ரெஞ்சைத் தொடாமல் நின்றேன்.

1,49,500 கி.மீ.

இது முழுக்க என் தவறு. காலையில் முன் இடது மூலை இரண்டு விரல் தாழ்ந்து நின்றது. ஸ்டார்ட் செய்ததும் எழுந்துகொண்டது. சோப்பு நீர் தெளித்துப் பார்த்ததில் ரப்பர் பையின் மடிப்பில் கடுகளவு குமிழிகள். எழுந்துகொள்கிறதே என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். கசிந்த காற்றை ஈடுகட்ட ஓயாமல் ஓடிய கம்ப்ரஸர் ஒருநாள் எரிந்துபோனது. ஒரு ஸ்ட்ரட்டோடு (அந்தப் பை பொருத்திய தாங்கி) முடிந்திருக்க வேண்டிய செலவு, கம்ப்ரஸரும் அதன் ரிலேவும் சேர்ந்து இரு மடங்கானது.

1,55,000 கி.மீ.

கியர்பாக்ஸில் குறை எதுவும் இல்லை. இருந்தும் ஆயிலை மாற்றினேன். "ஆயுள் முழுவதற்கும் போதும்" என்று கார் விற்பவர்கள் சொல்லும் ஆயில் அது. யாருடைய ஆயுள் என்று அவர்கள் சொல்வதில்லை. இத்தகைய கியர்பாக்ஸ்களைத் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனம், 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. வடிந்தது காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. இதன் ஃபில்டர் அடிச்சட்டியோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருப்பதால் சட்டியையே மாற்ற வேண்டும். ஆயிலின் அளவைப் பார்க்க டிப்ஸ்டிக் கிடையாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் 40 டிகிரியை நெருங்கும்போது பக்கவாட்டு மூடியைத் திறந்து, மெல்லிய இழையாக வழிகிறதா என்று பார்க்க வேண்டும். காரைச் சமமாக உயர்த்த லிஃப்ட் தேவைப்பட்டதால் இதை ஒர்க்‌ஷாப்பில் வைத்தே செய்தோம்.

1,61,200 கி.மீ.

இதுவரையான மொத்தச் செலவு, காரை வாங்கிய விலையில் 31 சதவீதம். அதில் பாதிக்கு மேல் சஸ்பென்ஷனுக்குப் போனது. முதல் மாதமே வடிகட்டியை மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு 55 சதவீதத்தைத் தாண்டியிருக்கும்; தெர்மோஸ்டாட் பழுதாகவே இருந்திருக்கும் என்பதால் புது வடிகட்டியும் இந்நேரம் அடைத்திருக்கும்.

இப்போது எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் ஈரம் தெரிகிறது. பார்த்ததும் கிராங்க் சீல், அதாவது எஞ்சினின் சுழல்தண்டு வெளிவரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம் என்றுதான் யாரும் சொல்வார்கள். அதை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஆனால் இந்த வகை எஞ்சினில் ஆயில் கூலர், இரு வரிசை சிலிண்டர்களுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதன் சீல் கசிந்தாலும் ஆயில் பின்பக்கமாக வழிந்து இதே இடத்தில்தான் சொட்டும். சீல் மோதிரம் அளவுதான். அதை எட்டுவதற்கு டர்போவையும் இன்டேக் மேனிஃபோல்டையும் கழற்ற வேண்டியிருப்பதால், கூலி மட்டும் இரண்டு நாள். மேலிருந்து பள்ளத்தைத் துடைத்து, ஆயிலில் புற ஊதா விளக்குக்கு ஒளிரும் சாயம் கலந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 500 கி.மீ. ஆனதும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். அதுவரை காருக்கடியில் ஓர் அட்டையை விரித்துவைத்து, காலையில் எத்தனை சொட்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.