மாத்திரை அட்டையை எண்ணிய கதை: முதுகலை ஆய்வேடு எழுதப் போகிறவர்களுக்கு

எம்.எஸ்.டபிள்யூ என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் ஆய்வேட்டுத் தலைப்பு கொடுக்க வேண்டிய வாரம் வந்தால், வகுப்பில் ஒரு சொல் சளி மாதிரி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். 'விழிப்புணர்வு'. சைபர் குற்றம் பற்றிய விழிப்புணர்வு, ரத்தசோகை பற்றிய விழிப்புணர்வு, அரசுத் திட்டங்கள் பற்றிய விழிப்புணர்வு. நானும் அந்த வரிசையில்தான் நின்றேன். நகரத்துக் குடிசைகளிலிருந்து மாற்றப்பட்டவர்களுக்கான மறுகுடியமர்வுக் குடியிருப்பில் வாழும் சர்க்கரை நோயாளிகளிடம் மருந்தை விடாமல் எடுப்பது குறித்த விழிப்புணர்வு எவ்வளவு என்பது என் தலைப்பு. வழிகாட்டி மேடம் தாளைப் படித்துவிட்டு, "விழிப்புணர்வு இல்லைன்னு உனக்கு யாரு சொன்னா?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னது சிஸ்டர். சென்னைக்குத் தெற்கே இருக்கும் ஒரு குடியிருப்பில், அடுக்கு அடுக்கான பிளாக்குகளுக்கு நடுவே உள்ள சுகாதார நிலையத்தில் எனக்குக் களப்பணி. "மாத்திரை சும்மாதான் குடுக்குறோம். வந்து வாங்க மாட்டேங்குறாங்க. சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு, எல்லாம் டிஃபால்ட்டர்" என்று சொல்லி, பதிவேட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்ட பெயர்களைக் காட்டினார். அந்தச் சிவப்பு வட்டத்தை அப்படியே என் ஆய்வுப் பிரச்சினையாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது, மேடம் கேட்ட பிறகுதான் உறைத்தது. ஒரு நிறுவனம் தன் சிரமத்தைச் சொல்லும்போது, காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடும். சிரமத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, காரணம் இருக்கும் இடத்தைக் காலியாக விட்டுக் களத்துக்குப் போங்கள்.

முதல் கேள்வித்தாளை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. முதல் பக்கத்தில் பெயர், வயது, பிளாக், கதவு எண், சாதி, மாத வருமானம், சொந்த வீடா வாடகையா. அடுத்து இருபது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி 'முற்றிலும் உடன்படவில்லை' வரை ஐந்து கட்டங்கள். ரென்சிஸ் லைக்கர்ட் 1932-இல் உருவாக்கிய அளவுகோல் அது. அவர் மேல் குற்றமில்லை. முன்னோட்ட ஆய்வில் என்னிடம் முதலில் மாட்டியது ஒரு ஆயா. நான்காவது வாக்கியத்தைப் படிக்கும்போதே, "நீயே ஏதாச்சும் ஒண்ணுல டிக் பண்ணிக்க கண்ணு, எனக்கு அடுப்புல வேலை கீது" என்றார். அடுத்த வீட்டில் எல்லாவற்றுக்கும் 'ஆமா' என்று பதில் வந்தது. மருந்தை விட்டால் ஆபத்து என்பதற்கும் ஆமா, மருந்தை இடையில் நிறுத்தலாம் என்பதற்கும் ஆமா.

இதைவிடப் பெரிய கோளாறு முதல் பக்கத்தில் இருந்தது. 'சொந்தமா, வாடகையா' என்று கேட்டதும் முகங்கள் இறுகின. கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "நீ எந்த ஆபீஸ்மா?" என்றார்கள். எனக்குப் புரியவில்லை. படியில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்காதான் விளக்கினார். ஒதுக்கீடு பெற்றவர்தான் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும், வேறு ஆளுக்கு வாடகைக்கு விடக்கூடாது. கையில் பேப்பரோடு வந்து கதவு எண்ணைக் கேட்பவள் அவர்கள் கண்ணுக்கு வீடு ஒதுக்கிய வாரியத்து ஆள். நான் மருந்தைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று எத்தனை முறை சொன்னாலும் முதல் பக்கம் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தது. அன்று மாலையே கதவு எண்ணையும் சொந்தம் வாடகைக் கேள்வியையும் அடித்தேன். என் ஆய்வுக்கு அவை எதற்குமே தேவைப்படவில்லை. பழைய ஆய்வேட்டில் இருந்தது, நானும் போட்டேன். முந்தைய ஆண்டு ஆய்வேட்டிலிருந்து தனிநபர் விவரப் பக்கத்தை அப்படியே எடுக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் நேரே, 'இந்தப் பதிலை எந்த அட்டவணையில் பயன்படுத்தப் போகிறேன்?' என்று பென்சிலில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாததை அடித்துவிடுங்கள்.

ஒப்புதல் படிவமும் இதே இடத்தில்தான் சிக்கும். கையெழுத்தோ ரேகையோ கேட்டால் பயம் கூடும். கல்லூரியில் பேசி, படித்துக் காட்டி வாய்மொழியாகச் சம்மதம் வாங்கி, நானே தேதி போட்டுக் குறித்துக்கொள்ள அனுமதி வாங்கினேன். சம்மதம் என்பது வெறும் சடங்கு என்று நினைக்கிறவர்கள் டஸ்கீகி பற்றிப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் (சிஃபிலிஸ்) இருந்த ஏழைக் கறுப்பின ஆண்களிடம் நோயைச் சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல் வேடிக்கை பார்த்தார்கள். மனிதர்களிடம் ஆய்வு செய்வதற்கான அறநெறிகளைச் சொல்லி 1979-இல் வந்த பெல்மான்ட் அறிக்கையை நாம் ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படிக்கிறோம். அதற்குப் பின்னால் அந்த நாற்பது ஆண்டுகள் இருக்கின்றன.

இனி மாத்திரை அட்டைக்கு வருகிறேன். ஐந்து கட்டங்களை மூட்டை கட்டி வைத்துவிட்டு, "நேத்து காலைல எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க, சொல்லுங்கக்கா" என்று ஒரே கேள்வியோடு போனேன். கருத்துக் கேட்டபோது ஒரு வார்த்தையில் முடித்தவர்கள், நேற்றைய நாளைக் கேட்டதும் அரை மணி நேரம் பேசினார்கள். ஒரு அக்கா, நாற்பத்தைந்து வயது இருக்கும். நகரத்துக்குள் மூன்று வீடுகளில் வேலை. குடிசையில் இருந்தபோது அந்த வீடுகளுக்கு நடந்தே போவாராம். இங்கே வந்த பிறகு விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, ஆறு மணி பேருந்தைப் பிடிக்க வேண்டும். வெறும் டீயோடு கிளம்பிவிடுவார். முதல் சாப்பாடு இரண்டாவது வீட்டில், பத்தரை பதினொன்றுக்கு.

"மாத்திரை எப்பக்கா போடுவீங்க?"

"சாப்ட்டுப் போடணும்னு சொல்லிக்கிறாங்களே. சாப்ட்டுதான் போடுவேன்."

"சாப்பிடுறது அங்க. மாத்திரை?"

டிவிக்கு மேலே கை காட்டினார். பிளாஸ்டிக் டப்பாவில் அட்டைகள் இருந்தன. மருந்து வாங்கிய தேதி நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. அவர் அனுமதியோடு எண்ணினேன். ராத்திரி மாத்திரைகள் ஒழுங்காகப் பிய்க்கப்பட்டிருந்தன. காலை மாத்திரை அட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு உண்டானது மட்டும் காலி.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டோடோ சாப்பிட்ட பின்போ போடச் சொல்வது வயிற்றுத் தொந்தரவைக் குறைக்க. அந்த அக்கா அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்ததால்தான் காலை வேளை மாத்திரை தவறியது. என் பழைய கேள்வித்தாளில் அவருக்கு விழிப்புணர்வில் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். கையோடு எடுத்துப் போகலாமே என்றேன். "அவங்க வூட்ல உக்காந்து மாத்ரை முழுங்குனா, இவளுக்கு சீக்குன்னு வேற ஆள் பாத்துக்குவாங்கம்மா" என்றார். அன்றிரவு அறைக்கு வந்து அந்த வரியை எழுதிவைத்தேன். என் நான்காம் அத்தியாயம் அதிலிருந்துதான் கிளைத்தது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல விஷயம். ஆனால் வீட்டுக்கு வந்த மாத்திரை வாய்க்குப் போகும் வழியில் பேருந்து நேரமும், முதலாளியம்மாவின் பார்வையும், டப்பா இருக்கும் இடமும் குறுக்கே நிற்கின்றன. பதிவேட்டில் இதற்கெல்லாம் பத்தி கிடையாது.

பதிவேட்டைச் சொன்னதும் இன்னொன்று. சிவப்பு வட்டப் பெயர்களைத் தேடிப் போனபோது, சிலர் மருந்தை விடவே இல்லை என்று தெரிந்தது. பழைய இடத்துக்குப் பக்கத்திலிருந்த அரசு மருத்துவமனையில் மாதாமாதம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் பழைய நோட்டு இருக்கிறது, டாக்டருக்கு முகம் தெரியும் என்றார்கள். இங்கே விட்டவர், அங்கே ஒழுங்காக வாங்குபவர். சிஸ்டரிடம் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் 'வேறு இடம்' என்று ஒரு பத்தி கோடு இழுத்தார். மேலிடத்துக்கு அனுப்பும் படிவத்தில் அந்தப் பத்தி இல்லை என்றும் சொன்னார். அவரைக் குறை சொல்ல நான் போகவில்லை. மாதாந்திர அறிக்கை என்ன கேட்கிறதோ அதைத்தான் அவரால் பார்க்க முடிந்தது. சமூக ஆய்வு மக்களைப் பற்றி மட்டும் சொல்வதாக நினைத்துப் போனேன். நிறுவனம் எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்பதும் ஆய்வுதான் என்பதை அந்தப் பென்சில் கோட்டில் பார்த்தேன்.

இரண்டாம் முறை போனபோது ஒரு வேடிக்கை. சில வீடுகளில் அட்டைகளைக் கழுவித் துடைத்த மாதிரி வரிசையாக எடுத்துவைத்திருந்தார்கள், எல்லாம் சரியாகப் பிய்த்தபடி. 'எண்ணுற பொண்ணு வருது' என்று பிளாக் முழுக்கச் செய்தி போயிருந்தது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு ஹாத்தோர்ன் விளைவை மனப்பாடம் செய்பவர்களுக்கு, சிகாகோ பக்கத்துத் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகள் என்பதோடு இதையும் நினைவு வைத்துக்கொள்ளச் சொல்வேன். கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் நடத்தை மாறும். இரண்டாம் முறை எண்ணிக்கையை நான் கணக்கில் சேர்க்கவில்லை, ஏன் சேர்க்கவில்லை என்று எழுதினேன். நெட் முதல் தாளில் ஆய்வுத் திறன் பகுதிக்கு 5 கேள்விகள், 10 மதிப்பெண். களத்தில் அலைந்தவர்களுக்கு அது கையில் இருக்கும் பணம்.

கூறெடுப்பு, அதாவது யாரிடம், எத்தனை பேரிடம் கேட்பது என்பது பற்றிச் சுருக்கமாக. கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970-இல் கொடுத்த அட்டவணையை மேற்கோள் காட்டி, பேசிய ஆட்களின் எண்ணிக்கை '384' என்று எழுதாத ஆய்வேடு நூலகத்தில் அபூர்வம். அந்த எண் சமவாய்ப்பு முறையில் ஆட்களைத் தேர்ந்தால்தான் பொருந்தும். பேருந்து நிறுத்தத்தில் நின்று, அகப்பட்டவர்களிடம் தாளை நீட்டிவிட்டு 384 என்று எழுதுவதால் ஒன்றும் ஆகாது. நான் பேசியது குறைவான ஆட்களிடம், ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று முறை. கை சதுர (chi-square) சோதனை அட்டவணையும் போட்டேன். சில கட்டங்களில் எதிர்பார்ப்பு எண் ஐந்துக்கும் கீழே போனதால் மேடம் அதை எடுத்துவிடச் சொன்னார். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் பணம் கொடுத்தால் எஸ்.பி.எஸ்.எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்ட அட்டவணைகளை அச்சடித்துத் தருகிறார்கள். வாய்மொழித் தேர்வில் 'பி மதிப்பு என்றால் என்ன?' என்று கேட்கும்போது கடைக்காரர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

குறிப்புகளைப் பத்திரப்படுத்துங்கள். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948-இல் ராம்புரா என்று அவர் பெயரிட்ட மைசூர் நாட்டுக் கிராமத்தில் தங்கி எழுதி, பல ஆண்டு செப்பனிட்ட குறிப்புகளின் மூன்று படிகளும் 1970-இல் ஸ்டான்ஃபோர்டில் வைத்த தீயில் போயின. அவர் நினைவிலிருந்தே முழுப் புத்தகம் எழுதினார். நமக்கு அந்த நினைவு கிடையாது. ஒவ்வொரு ராத்திரியும் நோட்டைப் படமெடுத்து இன்னொரு இடத்துக்கு அனுப்பிவிடுங்கள், பெயர்களுக்குப் பதில் எண் போட்டு.

'மாணவர் ஆய்வுதானே, யார் படிக்கப்போகிறார்கள்' என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தன் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, அவரவர் ஊரைப் பற்றி எழுதிவரச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி என்று அப்படி எழுதப்பட்ட ஊர்களுக்கு 1930-களில் வேறு ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-இலும் போனார்கள். நிலம் யார் கையில் இருந்தது, கூலி என்ன என்று அந்த மாணவர்கள் எழுதிவைத்ததால்தான் நூறாண்டு மாற்றத்தை ஒப்பிட முடிந்தது. ஆகவே கூலி, பேருந்துக் கட்டணம், தண்ணீர் வரும் நேரம் மாதிரிச் சில்லறை விவரங்களை வெட்கப்படாமல் எழுதுங்கள்.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் என் அட்டை எண்ணும் முறையை ரசித்தார். எனக்குத் தலைக்கு மேல் ஒளிவட்டம் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அப்போதுதான், "உங்க பட்டியல்ல ஆம்பளைங்க ஏம்மா இவ்வளவு கம்மி?" என்றார். பதில் வரவில்லை. களத்துக்கு எந்த நேரம் போனாய் என்று கேட்டார். மதியம் இரண்டிலிருந்து ஐந்து, இருட்டுவதற்குள் பேருந்து பிடிக்க வேண்டும் என்றேன். ஆண்கள் வீடு திரும்புவது எட்டு மணிக்கு மேல். என் பேருந்து நேரம் யாரைச் சந்திக்க விட்டது, யாரைச் சந்திக்க விடவில்லை என்று நான் ஒருமுறையும் யோசிக்கவில்லை. பைண்டிங் முடிந்திருந்தது. நூலகத்துக்குக் கொடுக்க வேண்டிய படியில், ஆய்வின் வரம்புகளைச் சொல்லும் பக்கத்தின் அடியில் அதைப் பேனாவால் எழுதி, தேதி போட்டுக் கொடுத்தேன்.