சீட்டுக்கு எத்தனை பிரசவம்?

லேபர் வார்டுல ஸ்டாஃப் நர்ஸா எட்டு வருஷம், அப்புறம் நர்சிங் காலேஜ்ல டியூட்டரா, அதாவது சொல்லிக்குடுக்கறவளா, பதினாலு வருஷம். இத்தனை வருஷத்துல யாரும் என்கிட்ட பாலிசி பத்தி கேட்டதில்ல, அதனால அந்த கூட்டத்துக்கு கூப்பிட்டப்போ உண்மையிலேயே சந்தோஷமா இருந்துச்சு. 1947 இந்தியன் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு பதிலா 2023ல நேஷனல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கமிஷன் சட்டம் வந்துச்சு இல்லையா, நர்சிங் படிப்போட தரத்தை பாத்துக்கற அந்த கமிஷன் முதல் அஞ்சு வருஷத்துக்கு என்ன பிளான் வெச்சுக்கணும்னு டியூட்டர்ஸ், நர்சிங் சூப்பரின்டெண்ட் எல்லாரையும் உக்கார வெச்சு பேசின ஒரு நாள் கூட்டம் அது.

டேபிளுக்கு ஒரு சார்ட், கலர் ஸ்கெட்ச். எங்க டேபிளுக்கு மிட்வைஃபரி, அதாவது பிரசவம் பாக்கற படிப்பு, வந்துச்சு. பத்து நிமிஷத்துல ஒரு மேடம் "மிட்வைஃபரி கல்வியின் தரத்தை உயர்த்துதல்"னு அழகா எழுதிட்டாங்க, எல்லாரும் சரின்னாங்க. எனக்கு மட்டும் மனசு ஒப்பல, அஞ்சு வருஷம் கழிச்சு தரம் உயர்ந்துச்சா இல்லையான்னு எதை வெச்சு பாப்போம்? சட்டுனு கேஸ் புக் ஞாபகம் வந்துடுச்சு, ஸ்டூடண்ட் தான் எடுத்த பிரசவத்தை எல்லாம் எழுதி கையெழுத்து வாங்கற நோட்டு அது.

நாங்க படிச்ச சிலபஸ்ல ஒரு ஸ்டூடண்ட் 20 நார்மல் டெலிவரி எடுத்திருக்கணும். எடுத்தோம்னு தான் எல்லார் கேஸ் புக்கும் சொல்லும். ஆனா நடந்தது என்னன்னா ஒரு அம்மாவுக்கு தலை தெரிய ஆரம்பிச்சா அஞ்சு பேர் ஓடுவோம், ஒருத்தி கீழ கிழியாம கைய வெச்சு பெரினியம் சப்போர்ட் பண்ணுவா, ஒருத்தி தொப்புள் கொடிக்கு கிளாம்ப் போடுவா, ஒருத்தி குழந்தைய தொடச்சு வெயிட் பாப்பா, ஒருத்தி நஞ்சு முழுசா வந்துருக்கான்னு பாப்பா, ஒருத்தி அந்த அம்மாவோட கைய புடிச்சிருப்பா, சாயங்காலம் ஹாஸ்டல்ல அஞ்சு பேர் கேஸ் புக்லயும் அதே டெலிவரி "கண்டக்டட்", அதாவது நானே எடுத்தேன்னு, ஏறிடும். நானும் எழுதினேன். வேலைக்கு சேர்ந்து முதல் நைட் டியூட்டில தனியா ஒரு டெலிவரி எடுக்கும்போது தான் தெரிஞ்சுது என் கைக்கு எவ்வளவு கம்மியா பழக்கம் இருக்குன்னு. பக்கத்துல சீனியர் அக்கா ஒருத்தங்க மட்டும் இல்லன்னா அன்னிக்கு என்ன ஆயிருக்கும்னு இப்ப நினைச்சாலும் கை சில்லிடுது.

இதுக்கு பிள்ளைங்கள திட்டி பிரயோஜனம் இல்ல, கணக்கே உதைக்குது. தமிழ்நாட்டுல 99 சதவீதத்துக்கு மேல ஆஸ்பத்திரி பிரசவம், பெரிய விஷயம் தான். ஆனா தேசிய குடும்ப நல ஆய்வு 5 படி அதுல கிட்டத்தட்ட 45 சதவீதம் சிசேரியன், தனியார்ல 60 சதவீதத்தையே தாண்டிடுச்சு. ஒரு ஆஸ்பத்திரில மாசம் 200 பிரசவம்னு வெச்சுக்கோங்க, பாதி ஆபரேஷன் தியேட்டருக்கு போயிடும், மீதி நூறுக்கு பயிற்சி டாக்டரான ஹவுஸ் சர்ஜன் நிப்பாங்க, மேல்படிப்பு படிக்கற பிஜி டாக்டருங்க நிப்பாங்க, மூணு நர்சிங் காலேஜ் பஸ் வந்து நிக்கும். இதுல ஒரு பொண்ணுக்கு தனியா எத்தனை கிடைக்கும்?

இதை தான் அங்க எழுந்து சொன்னேன். புது சட்டத்துல அசெஸ்மென்ட் அண்ட் ரேட்டிங் போர்டுன்னு ஒண்ணு இருக்கு, காலேஜை இன்ஸ்பெக்‌ஷன் பண்ணி ரேட்டிங் குடுக்கறது அவங்க வேலை. லேப்ல பழகறதுக்கு மேனிகின் பொம்மை இருக்கா, லைப்ரரில எத்தனை புக், ஆசிரியர் எத்தனை பேர்னு பாக்கட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா முதல்ல பிள்ளைங்க பயிற்சிக்கு போஸ்டிங் போற ஆஸ்பத்திரியோட பிரசவ ரெஜிஸ்டரை எடுங்க, நார்மல் டெலிவரிய எண்ணுங்க, அங்க வர்ற எல்லா காலேஜ் சீட்டாலயும் வகுங்க, வர்ற எண்ணுக்கு ஏத்த மாதிரி சீட் குடுங்க. அந்த எண்ணு வருஷா வருஷம் ஏறுதா இறங்குதான்னு பாத்தா போதும், தரம் ஏறுச்சான்னு தெரிஞ்சுடும்.

ஒரு சார், அப்படி பண்ணா பாதி காலேஜ் சீட் போயிடும், ஏற்கனவே நர்ஸ் பத்தாத நாடு இதுன்னார். அவர் சொல்றதும் நிஜம் தான், அதுக்கு இன்னும் என்கிட்ட முழு பதில் இல்ல. ஆனா தெலங்கானாவ பாருங்க, 2017ல கரீம்நகர்ல நர்சுங்கள சின்ன பேட்ச்சா எடுத்து 18 மாசம் மிட்வைஃபரி மட்டும் சொல்லிக்குடுத்தாங்க, அடுத்த வருஷமே மத்திய அரசு நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரிக்கு, அதாவது பிரசவத்துக்குன்னே தனியா பயிற்சி எடுத்த நர்சுக்கு, நாடு முழுக்க வழிகாட்டுதல் கொண்டு வந்துச்சு. கொஞ்ச பேருன்னாலும் கை பழகின கொஞ்ச பேரு. நம்ம சர்டிஃபிகேட்ல நர்ஸ் அண்ட் மிட்வைஃப்னு ரெண்டும் சேர்ந்தே இருக்கு, அந்த ரெண்டாவது வார்த்தைய நம்பி தானே ஒரு அம்மா டேபிள்ல படுக்கறா.

கடைசியா சார்ட்ல என் வரி ஏறுச்சு, கீழ, சின்ன எழுத்துல. பிளான்ல வருமான்னு தெரியல.

அடுத்த வாரம் ஒரு பொண்ணு கேஸ் புக் கொண்டு வந்தா. நாலு தான் எழுதியிருந்தா. "மேடம், நானே எடுத்தது இவ்வளவு தான், மத்ததெல்லாம் பாத்தது, எழுதவா"ன்னு கேட்டா. எழுத வேண்டாம்மான்னு சொல்லி அந்த நாலுக்கும் கையெழுத்து போட்டேன், இந்த பேட்ச்சுக்கு தாலுகா ஆஸ்பத்திரில கூடுதலா ஒரு மாசம் நைட் போஸ்டிங் வேணும்னு பிரின்சிபால் மேடமுக்கு அன்னிக்கே லெட்டர் குடுத்துட்டேன். இன்னும் பதில் வரல, திங்கக்கிழமை போய் நேர்ல கேக்கணும்.