ஸ்வீடிஷ் படிக்கிறவர்களுக்கு: ஆங்கிலச் சொல்லைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள்

வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல நினைத்து, "எனக்குப் போதை ஏறிவிட்டது" என்று ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அறிவித்தவள் நான். அதுவும் மதியம் பன்னிரண்டரை மணிக்கு. ஆங்கிலத்தில் 'ஃபுல்' என்போமே, அதே சொல் ஸ்வீடிஷிலும் இருக்கிறது, எழுத்துக்கூட்டல்கூட அதேதான், ஆனால் ஆளைப் பற்றிச் சொன்னால் குடித்திருக்கிறார் என்று அர்த்தம். வயிறு நிறைந்தால் 'மெத்' என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர்கள் சிரித்துவிட்டு இன்னொரு உருளைக்கிழங்கு வைத்தார்கள்.

நான் இருப்பது ஸ்வீடனின் கோதன்பர்க்கில். இங்கே குடியேறியவர்களுக்கு நகராட்சி இலவசமாக நடத்தும் எஸ்எஃப்ஐ என்ற ஸ்வீடிஷ் மொழி வகுப்பில் ஏ, பி, சி, டி என்று நான்கு படிகள். ஊரில் கல்லூரி வரை படித்தவர்களை மூன்றாம் பாதை என்று ஒன்றில் போடுவார்கள், அதில் நேராக சி, அப்புறம் டி. டி முடிவில் தேசியத் தேர்வு: வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல். முதல் தடவை எழுதுதலில் எனக்குப் போச்சு. மற்ற மூன்றும் எப்படியோ தேறிவிட்டன.

காரணம் என் படிப்பு முறைதான். தினசரி ஆங்கிலச் சொற்கள் ஆயிரம் என்று ஒரு பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு ஸ்வீடிஷ் சொல் எழுதி, நாளைக்கு நாற்பது வீதம் மனப்பாடம் செய்தேன். பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்பித்த பழக்கம், நன்றாகவே வேலை செய்தது. ஆனால் திருத்தி வந்த பயிற்சிக் கட்டுரைகளைப் பார்த்தால், அகராதிப்படி எல்லாச் சொல்லும் சரி, வாக்கியத்தில் உட்கார்ந்ததும் பாதி தப்பு.

உதாரணத்துக்கு 'திங்க்'. என் பட்டியலில் அதற்கு எதிரே 'த்ரூர்' என்று மட்டும் இருந்தது. (உச்சரிப்பை நம் எழுத்தில் முடிந்தவரை எழுதுகிறேன், உள்ளூர்க்காரர்கள் மன்னிக்கட்டும்.) உண்மையில் ஸ்வீடிஷில் மூன்று இருக்கின்றன. படத்தைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றால் 'தீக்கெர்', அது என் அபிப்பிராயம். படத்தை இன்னும் பார்க்கவில்லை, நன்றாகத்தான் இருக்கும் போல என்றால் 'த்ரூர்', அது ஊகம். நாளைக்கு மழை வரும் என்று நினைப்பதும் த்ரூர்தான். உட்கார்ந்து யோசித்தால் 'தெங்க்கெர்'. டி தேர்வுக்கான எழுத்துப் பயிற்சிகளில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்ற வகைதான் அடிக்கடி வரும். நான் பத்தி பத்தியாக 'த்ரூர், த்ரூர்' என்று எழுதியதை ஆசிரியை படித்துவிட்டு, "உனக்கு எதைப் பற்றியும் நிச்சயமே இல்லையா?" என்று கேட்டார். எனக்கு நிறைய நிச்சயம் இருந்தது, சொல்தான் இல்லை.

'கோ' இன்னும் மோசம், ஏனென்றால் ஸ்வீடிஷிலும் அது கிட்டத்தட்ட 'கோ' என்றே ஒலிக்கும், நாம் நம்பிவிடுவோம். ஆனால் அது பெரும்பாலும் காலால் நடந்து போவது. டிராமிலோ பஸ்ஸிலோ ரயிலிலோ போனால் 'ஓக்கா'. டிசம்பரில் இந்தியாவுக்குப் போகிறேன் என்பதை நான் முதல் வகையில் சொல்ல, பக்கத்து இருக்கைக்காரர் "நல்ல ஷூ வாங்கிக்கொள்" என்றார். இது போதாதென்று 'செமெஸ்தெர்' என்றால் கல்லூரி செமஸ்டர் இல்லை, விடுமுறை. கல்லூரிப் பருவத்துக்கு 'தெர்மீன்'.

இதில் எனக்கு உறைக்கவே ஒரு வருடம் ஆன விஷயம்: ஆங்கிலம் ஒன்றாகக் குழைத்து வைத்திருக்கும் பல இடங்களில் ஸ்வீடிஷ் பிரித்து வைத்திருக்கிறது, அதே பிரிப்பு தமிழிலும் இருக்கிறது. நாம் தமிழை ஓரமாக வைத்துவிட்டு ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறோம்.

உறவுமுறையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று இரண்டு சொல்லில் மொத்தக் குடும்பமும் அடங்கிவிடும். இங்கே அம்மாவின் சகோதரர் 'முர்ப்ரூர்', அப்பாவின் சகோதரர் 'ஃபார்ப்ரூர்', அப்பாவின் சகோதரி 'ஃபாஸ்தெர்', அம்மாவின் சகோதரி 'முஸ்தெர்'. மாமா, பெரியப்பா-சித்தப்பா, அத்தை, பெரியம்மா-சித்தி, அவ்வளவுதான். பாட்டியும் அப்படியே, அம்மாச்சி 'முர்முர்', அப்பத்தா 'ஃபார்முர்'. பெரியவரா சின்னவரா என்று மட்டும் பிரிக்க மாட்டார்கள். குடும்பத்தைப் பற்றிப் பேசு என்றால் வகுப்பில் எல்லோரும் திணறினார்கள், எனக்கு மட்டும் ஊர்க் கல்யாணத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

அடுத்து 'ஹிஸ்'. "அவன் தன் மனைவியைக் கூப்பிட்டான்" என்பதும் "அவன் அவனுடைய மனைவியைக் கூப்பிட்டான்" என்பதும் நமக்கு வேறு வேறாகக் கேட்கும், இரண்டாவதில் யாருடைய மனைவி என்ற சந்தேகம் வரும். ஸ்வீடிஷில் அந்த 'தன்' தான் 'சின்'. மற்றவனுடையது என்றால் 'ஹான்ஸ்'. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் எல்லா இடத்திலும் ஹான்ஸ் போட்டு அடுத்தவன் குடும்பத்தைக் கலைப்பார்கள். ஒரு எச்சரிக்கை: எழுவாய்க்குள் சின் வராது. "அவனும் தன் மனைவியும் வந்தார்கள்" என்று நாம் சொல்லிவிடுவோம், அங்கே ஹான்ஸ்தான் போட வேண்டும். எனக்கு இதில் இப்போதும் கை நழுவும்.

'டைம்' என்பதற்கு நாம் நேரம், தடவை, மணி என்று மூன்று வைத்திருக்கிறோம். இங்கேயும் மூன்று. எத்தனை தடவை என்பதற்கு ஒரு சொல், நேரம் இல்லை என்பதற்கு ஒரு சொல், மணி என்ன என்பதற்கு 'க்லொக்கன்'. க்லொக்கா என்றால் கடிகாரம், சர்ச் மணியும் அதே. நம் 'மணி' மாதிரியே! இதைக் கண்டுபிடித்த அன்று பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். மாத்திரையையும் நம்மைப் போலவே 'சாப்பிடுவார்கள்'. 'மஸ்ட் நாட்' என்பதைச் சொல்லுக்குச் சொல் 'மொஸ்தெ இந்தெ' என்று மாற்றினால் கேட்பவர் குழம்பிப்போவார். 'கூடாது' என்றால் 'ஃபோர் இந்தெ', 'தேவையில்லை' என்றால் 'பெஹேவர் இந்தெ' என்று தமிழிலிருந்து பிடித்தால் சிக்கல் இல்லை.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. நமக்கு எல்லாமே 'வை' தான்: டம்ளரை வை, புத்தகத்தை வை. இங்கே நிற்கும் பொருளுக்கு 'ஸ்தெல்லா', படுக்கும் பொருளுக்கு 'லெகா', ஒன்றில் பொருத்தினால் 'செத்தா' (ஆமாம், அப்படித்தான் ஒலிக்கிறது, அதனாலேயே மறக்கவில்லை). 'தெரியும்' என்பதும் அப்படித்தான். விஷயம் தெரிந்தால் 'வேத்', ஆள் தெரிந்தால் 'ஷென்னெர்', நீச்சலோ மொழியோ தெரிந்தால் 'கன்'. இவற்றுக்குக் குறுக்குவழி கிடையாது, சமையலறையில் ஒவ்வொரு பாத்திரத்தையும் வைக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன்.

இரண்டாம் முறைக்குப் பழைய நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். புது நோட்டில் இடதுபக்கம் ஆங்கிலச் சொல் கிடையாது, தமிழில் ஒரு சின்னச் சூழ்நிலை: "படம் பார்த்தாச்சு, பிடிச்சிருக்கு". வலதுபக்கம் முழு ஸ்வீடிஷ் வாக்கியம். நாளைக்கு ஆறு, அதற்கு மேல் இல்லை. வாக்கியங்களை நானே உருவாக்கவில்லை, 'ஒத்தா சீதோர்' என்ற எளிய ஸ்வீடிஷ் செய்தித்தாளிலிருந்தும், லெக்சின் அகராதியின் எடுத்துக்காட்டுகளிலிருந்தும் எடுத்தேன். அச்சு அகராதி பார்க்கிறவர்களுக்கு ஒன்று: மேலே வட்டமும் புள்ளிகளும் உள்ள மூன்று உயிரெழுத்துகள் இசட்டுக்கு அப்புறம்தான் வரும், ஏ, ஓ பக்கத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

நீ, நீங்கள் விஷயத்தில் மட்டும் தமிழை மறந்துவிடுங்கள். 1967இல் மருத்துவ நிர்வாகத் துறையின் தலைவராக வந்த ப்ரூர் ரெக்செட், எல்லோரையும் 'டூ', அதாவது 'நீ', என்றே அழைப்பேன் என்று அறிவித்தார், அந்தக் காலத்தில் நாடே அப்படி மாறிக்கொண்டிருந்தது. ஆசிரியையும் டூ, மருத்துவரும் டூ. தேர்வில் வீட்டு உரிமையாளருக்கு எழுதும் கடிதத்திலும் டூதான்.

பேச்சுத் தேர்வில் இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்துப் பேசவிட்டார்கள். எனக்கு ஜோடியாக வந்தவர் நடுவில், "நீ காபி குடிப்பதில்லையா?" என்று கேட்டார். இங்கே 'யா' என்று ஆமாம் போட்டால் குழப்பம், எதிர்மறைக் கேள்வியை மறுக்க 'யூ' என்று தனிச் சொல் இருக்கிறது. வகுப்பில் இதை எத்தனையோ தடவை கோட்டைவிட்டிருக்கிறேன். அன்றைக்கு மனசுக்குள் முதலில் தமிழில்தான் ஓடியது, "குடிப்பேனே!" என்று. அந்தக் கடைசி 'ஏ' தான் இந்த 'யூ' என்று பட்டதும் வாயில் தானாக வந்துவிட்டது, "யூ, நாளைக்கு நாலு தடவை."