பல் கவசமும் என் தாடை மூட்டும்

காலையில் விழித்தவுடன் வலது காதுக்கு முன்னால் இருந்த மந்தமான வலியையும், கொட்டாவி விடும்போது அதே இடத்தில் எழுந்த 'டக்' என்ற ஓசையையும் பல மாதங்கள் காது நோய் என்றே எண்ணியிருந்தேன். காது மருத்துவர் குறையொன்றும் இல்லை என்று சொல்லிப் பல் மருத்துவரிடம் அனுப்பினார். அவர் கன்னத் தசைகளையும் நெற்றிப்பொட்டையும் விரலால் அழுத்தி எங்கே வலிக்கிறது என்று கேட்டார். பிறகு அளவுகோலை வைத்துப் பார்த்தார். பெரியவர்களுக்குப் பொதுவாக 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் திறக்கும் வாய், எனக்கு 32-இலேயே வலியோடு நின்றுவிட்டது.

காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் வட்டு முன்பக்கம் நழுவியிருப்பதாகவும், வாயைத் திறக்கையில் அது மீண்டும் தன் இடத்தில் ஏறுவதே ஓசையாகக் கேட்பதாகவும் அவர் விளக்கினார். வலிக்குக் காரணம் பெரும்பாலும் தசைகள்தாம். தூக்கத்தில் நான் பல்லைக் கடிப்பதற்குத் தேய்ந்த பல் விளிம்புகளே சாட்சி.

மேல், கீழ்ப் பற்களுக்கு அச்செடுத்து, இரவில் அணிய, மேல்வரிசை முழுவதையும் மூடும் கடினமான அக்ரிலிக் ஸ்பிளின்ட் (பிளாஸ்டிக்கால் ஆன பல் கவசம்) ஒன்றைச் செய்துகொடுத்தார்கள். அதற்கு முன் நானே வாங்கி அணிந்த மென்மையான கவசத்தை இரவெல்லாம் மென்றுகொண்டிருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். புதியதைப் பொருத்திய நாளில் பெரும்பகுதி நேரம் சரிசெய்வதிலேயே கழிந்தது. வண்ணத் தாளைக் கடிக்கச் சொல்லி, அடர்த்தியாகப் புள்ளி விழுந்த இடங்களைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, கீழ்ப்பற்கள் எல்லாம் ஒரே சீராகத் தொடும்வரை மருத்துவர் விடவில்லை. இரண்டு வாரம் கழித்தும் அதே வேலை நடந்தது. தசைகள் தளரும்போது தாடை நிற்கும் நிலையும் சற்று மாறுமாம். இந்தச் சரிசெய்தல் இல்லாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக் துண்டுதான் என்பது என் கருத்து.

முதல் வாரம் எச்சில் ஊறித் தலையணை நனைந்தது. இரண்டு இரவுகள் தூக்கத்திலேயே கழற்றி எறிந்திருக்கிறேன். காலையில் கழற்றியபின் சில நிமிடங்கள் பற்கள் சரியாகச் சேராததுபோல் தோன்றும். அது நாள் முழுதும் நீடித்தால் உடனே வரவேண்டும் என்று எச்சரித்திருந்தார்கள், ஏனெனில் கவசத்தால் மேல், கீழ்ப் பற்கள் சேரும் விதமே மாறிவிடும் வாய்ப்பும் உண்டு. வெந்நீரில் கழுவினால் வடிவம் கெடும் என்பதால் குளிர்ந்த நீரும் மென்மையான தூரிகையும் மட்டுமே பயன்படுத்தினேன்.

பகலில் கவசம் கிடையாது. அப்போது உதடுகள் மூடியும் பற்கள் ஒன்றையொன்று தொடாமலும் இருக்கவேண்டும் என்றார்கள். எளிதாகத் தோன்றிய இதுவே எனக்கு மிகக் கடினமாக இருந்தது. கணினித் திரையின் ஓரத்தில் சிவப்புப் பொட்டொன்றை ஒட்டி, அது கண்ணில் பட்டபோதெல்லாம் தாடையைத் தளர்த்தினேன். தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் பற்கள் இறுகியே இருந்தன.

மூன்றாம் மாதத்தில் காலை வலி வெகுவாகக் குறைந்தது. ஐந்தாம் மாதத்தில் வாய் 41 மில்லிமீட்டர் திறந்தது. இதில் கவசத்தின் பங்கு எவ்வளவு, சிவப்புப் பொட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. 'டக்' ஓசை மட்டும் அப்படியே இருக்கிறது. வலியும் தடையும் இல்லாத ஓசைக்குச் சிகிச்சை தேவையில்லை என்று மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அதை நம்ப எனக்குத்தான் ஐந்து மாதங்கள் பிடித்தன.